பொதுக் கிராபிக்ஸ் கார்டும் முறைத் தண்ணீரும்

கணக்கு எழுதுவதற்கு மாத்திரம் என்று சங்க அலுவலகத்திற்குள் வந்த கம்ப்யூட்டர், இன்று நெசவாளர் சங்கங்களின் டிசைன் அறைக்கும் வந்துவிட்டது. விவசாயிகள் சங்கங்களிலோ, டிரோன் எடுத்த வயற்படங்களை ஒன்றாக ஒட்டிப் பார்க்கும் வேலைக்கு அது வேண்டியிருக்கிறது. இவ்வேலைகளுக்கு ஒவ்வொரு மேஜைக்கும் விலையுயர்ந்த யந்திரம் ஒன்று வாங்குவதா, அல்லது ஒரே சர்வரை வாங்கி, அதிலுள்ள கிராபிக்ஸ் கார்டைப் பலரும் பங்கிட்டுக் கொள்வதா என்பது நிர்வாகக் குழுக்கள் ஆலோசிக்க வேண்டிய கேள்வி. சேர்ந்து வாங்குவதே நல்லது என்பது எமது அபிப்பிராயம். ஆனால் பங்கீட்டு விதியைப் பேரவை தீர்மானிக்காமல் ஒரு ரூபாயும் செலவிடலாகாது.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற பெயரைக் கேட்டு அங்கத்தினர்கள் மருள வேண்டியதில்லை. வேலை செய்பவரின் மேஜையில் திரையும் விசைப்பலகையும் ஒரு சிறு பெட்டியும் மட்டும் இருக்கும். அவருடைய கம்ப்யூட்டர் என்பது உண்மையில் சர்வருக்குள் மென்பொருளால் வகுக்கப்பட்ட ஓர் அறையே. வேலை அங்கே நடக்கிறது. அதன் படம் மாத்திரம் கம்பி வழியே திரைக்கு வருகிறது. சாதாரண எழுத்து வேலைக்கு இது போதும். படவேலை என்று வரும்போது சர்வரின் பொது மூளை திணறும். அதற்கெனத் தனித் திறமை படைத்த கிராபிக்ஸ் கார்டைச் சர்வரில் பொருத்தி, அதன் சக்தியை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிப்பதே நாம் பேசும் ஏற்பாடு.

இதில் சங்கத்திற்கு என்ன பிரயோஜனம்? செலவுச் சிக்கனம் ஒன்றே என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1804-இல் ஜக்கார்டு தன் தறி யந்திரத்தை அமைத்த நாள் முதல், அட்டைக் கட்டு எவரிடம் இருக்கிறதோ அவர் கையில்தான் சேலையின் புட்டாவும் முந்தானையும் இருந்து வந்திருக்கின்றன. அன்று கிராப் தாளில் கட்டம் நிரப்பி அட்டை குத்தினோம். இன்று அக்கட்டங்கள் கம்ப்யூட்டர் கோப்பாகிவிட்டன. அட்டைக் கட்டையாவது கண்ணால் பார்க்கலாம், பூட்டி வைக்கலாம். கோப்போ, டிசைன் வரைந்தவரின் சொந்த யந்திரத்தில் தங்கிவிடுகிறது. அவர் வேறிடம் போனால் அதுவும் போகிறது. அல்லது சங்கம் ஒருமுறை கூலி கொடுத்து வாங்கிய டிசைனுக்கே மறுமுறையும் பணம் கொடுக்க நேரிடுகிறது. பொதுச் சர்வர் முறையில் கோப்பு சங்கக் கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை. மேஜைப் பெட்டியை எவரேனும் எடுத்துச் சென்றாலும் அதில் ஒன்றும் இராது. நெசவாளருக்கு உண்மையான ஆதாயம் இதுவே என்று கருதுகிறோம்.

விற்பனையாளர் சொல்வதற்கெல்லாம் தலையசைக்கவும் கூடாது. ஜக்கார்டு டிசைன் என்பது பெரும்பாலும் சதுரக் கட்டங்களில் வண்ணம் நிரப்பும் வேலை. அதற்குப் பெரிய கிராபிக்ஸ் பங்கு தேவையில்லை. நெய்யாத சேலையை உடுத்தினாற்போல் முப்பரிமாணத்தில் மடிப்புகளோடு காட்டுவதற்கும், நூற்றுக்கணக்கான வயற்படங்களை ஒரே வரைபடமாக இணைப்பதற்கும்தான் கார்டின் முழு பலமும் வேண்டும். கணக்கருக்கு அதில் பங்கு இல்லாவிடினும் குற்றமில்லை. ஆகவே எத்தனை பேருக்கு எந்த வேலை என்ற பட்டியலைச் செயலாளர் முதலில் தயாரிக்க வேண்டும்.

இனி, கார்டு பங்கிடப்படும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கார்டில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று நினைவகம், மற்றொன்று வேலை செய்யும் நேரம். நினைவகம் நிலத்தைப் போன்றது: வரப்புப் போட்டுப் பிரித்தால் அவரவர் துண்டு அவரவருக்கே. பக்கத்துத் துண்டு தரிசாய்க் கிடந்தாலும் மற்றவர் அதில் உழ முடியாது. உதாரணமாக, என்விடியா கம்பெனியின் ஏ16 என்னும் கார்டில் நான்கு சில்லுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 16 ஜிகாபைட் நினைவகம். தலைக்கு 2 ஜிகாபைட் என்று வகுத்தால் சில்லுக்கு 8 பேர், கார்டுக்கு 32 பேர். தலைக்கு 4 என்றால் 16 பேர்தான். இந்தக் கணக்கைச் சொல்லாமல், கார்டில் 64 ஜிகாபைட் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் விலைப்புள்ளி அரைகுறையானது.

வேலை நேரமோ தண்ணீரைப் போன்றது. ஒரு சில்லு ஒரு கணத்தில் ஒருவருக்கே பாயும். முறை மாறி மாறி எல்லோருக்கும் பாய்கிறது. அந்த முறையை வகுக்க மூன்று விதிகள் உண்டு. முதல் விதியில், வேலை இருப்பவருக்கெல்லாம் சுற்று முறையில் நேரம் போகும். சும்மா இருப்பவரின் நேரம் மற்றவருக்குச் சேரும். தண்ணீர் வீணாகாது. ஆனால் பேராசைக்காரர் ஒருவர் மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்காரர் தவிப்பார். வேறு விதமாகச் சொல்லாதவரை யந்திரம் நடந்துகொள்வது இவ்விதிப்படியே. இரண்டாவது விதியில், அச்சமயம் இயங்கிக் கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புகள் எத்தனையோ அத்தனை சம பங்கு. மூன்றாவதில், எத்தனை பேர் இருக்கக்கூடுமோ அத்தனை பங்காக என்றென்றைக்கும் பிரித்தது பிரித்ததுதான். மூன்று பேர் வந்தாலும் எட்டில் ஒன்றுதான் ஒருவருக்கு.

மூன்றாவது விதி வாடகைக்கு விடுபவருக்கு ஏற்றது. கூட்டுறவுக்கு அது வீண். முதல் விதி ஒருவரையொருவர் அறிந்த நாலைந்து பேருக்குச் சரி. ஒரே ஊரில் நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து வாங்குமிடத்தில் அது சச்சரவுக்கு வித்து. வரைபடம் இணைக்கும் வேலை மணிக்கணக்கில் ஓடும். அந்நேரமெல்லாம் டிசைன் வரைபவரின் கோடு கைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆதலால் இரண்டாவது விதியையே சிபாரிசு செய்கிறோம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டெஸ்க்டாப்பை அணைக்காமல் சாப்பாட்டுக்குப் போனவரின் பங்கு, வேலையின்றிக் கிடந்தாலும் பிறருக்குப் போகாது. எழுந்து போகுமுன் அணைத்துவிட்டுப் போவது இங்கே பொதுச்சொத்தைக் காப்பதாகும். வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லி அலுத்துப் போனவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

விதியைச் சில்லுக்குச் சில்லு வேறாக வைக்கலாம் என்பதும் அறியத்தக்கது. நான்கு சில்லுகளில் ஒன்றை வயற்படங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டால், அவ்வேலை இரவு பகலாக ஓடினாலும் மற்ற மூன்றுக்குத் தொந்தரவில்லை. பயிர்க்காலம் முடிந்ததும் அச்சில்லை நெசவாளருக்குத் திருப்பிவிடலாம். நான்கில் ஒன்று விவசாயிக்குக் குறைவு என்று வாதிடுவோர் இருப்பார்கள். வாதிடட்டும், பேரவை அதற்குத்தானே இருக்கிறது.

செலவைப் பற்றி. கார்டின் விலை ஒருமுறை கொடுப்பது. அதைவிடக் கவனிக்க வேண்டியது உரிமக் கட்டணம். 2013 வாக்கில் என்விடியாவின் முதல் பங்கீட்டுக் கார்டுகளுக்குத் தனி உரிமம் இல்லை. 2015 முதல், ஒரே சமயத்தில் வேலை செய்வோரின் எண்ணிக்கைக்கேற்ப உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. வாங்காவிட்டால் கார்டு நின்றுவிடாது, தானே மெதுவாகும். ஒரு நாள் கழிந்தபின் நொடிக்கு 3 படங்களுக்கு மேல் வராது, அதாவது வேலைக்கு உதவாது. சந்தாவைக் கட்ட மறந்த சங்கத்தில் டிசைன் அறை முழுவதும் ஒரே சமயத்தில் மந்தமாகும். விண்டோஸை இவ்வாறு இயக்க மைக்ரோசாப்டின் உரிமமும் தனியே வேண்டும்.

கம்பெனிகளின் மனமாற்றத்திற்கும் இடம் வைக்க வேண்டும். மைக்ரோசாப்ட் 2011-இல் கொடுத்த ரிமோட்எப்எக்ஸ் என்னும் பங்கீட்டு வசதி, பாதுகாப்புக் குறைபாட்டின் காரணமாக 2020 ஜூலையில் முடக்கப்பட்டு 2021 ஏப்ரலில் அடியோடு நீக்கப்பட்டது. அதை நம்பி அமைத்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. விஎம்வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பது நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தது. மறுபுறம், 2022-இல் இன்டெல் வெளியிட்ட பிளெக்ஸ் வரிசைக் கார்டுகள் பங்கீட்டுக்குத் தனிக் கட்டணம் இன்றியே வந்தன. சர்வரைப் பல அறைகளாக வகுக்கும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளின் மூலம் யாவருக்கும் திறந்திருக்கிறது. இவற்றைப் பற்றி விசாரிக்காமல் ஒரே பெயரை எழுதி விலை கேட்பது சரியன்று. எந்த வழியைக் கொண்டாலும், டிசைன்களின் பிரதி ஒன்றை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு பெரிய குறையையும் மறைப்பதற்கில்லை. தனி யந்திரம் பழுதானால் ஒருவர் வேலை நிற்கும். சர்வர் பழுதானால் எல்லோர் வேலையும் நிற்கும். ஆகவே பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டையாவது கழித்துக் கட்டாமல் வைத்திருப்பது விவேகம். ஏ16 போன்ற கார்டுக்குச் சொந்த விசிறி கிடையாது. சர்வரின் காற்றோட்டத்தை நம்பியே அது இருக்கிறது. 250 வாட் வரை மின்சாரம் இழுக்கும் அதைச் சாதாரணப் பெட்டியில் பொருத்தினால் சூட்டில் கெடும். கோடையில் அந்த அறைக்குக் குளிர்சாதனமும், மின்தடைக்குப் பாட்டரியும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஓரிடத்தில் சர்வர் வைப்பதைப் பொறுத்தவரை, வரும் வழியில் தாமதம் இருந்தால் கையும் கோடும் ஒத்துப் போகா; அந்தந்த ஊரிலிருந்து டிசைன் வரைபவர் ஒருவரே ஒரு வாரம் வரைந்து பார்த்துச் சொன்னாலொழியச் சம்மதிக்கலாகாது. ஒரே கட்டடத்திற்குள் கம்பி இழுத்துத் தொடங்குவதே முறை.

வரும் பேரவையில் இதை எடுத்துக்கொள்ளும் சங்கங்கள், ஒருவருக்கு எத்தனை ஜிகாபைட், எந்தச் சில்லு யாருக்கு, நேரப் பங்கீட்டில் எந்த விதி, ஐந்தாண்டு உரிமக் கட்டணம் எவ்வளவு என்ற நான்கையும் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம். அத்தீர்மானத்தின் நகலை, விலைப்புள்ளி கோரும் கடிதத்துடன் இணைத்து, குறைந்தது மூன்று விற்பனையாளருக்கு அனுப்புவது நலம்.