20 நிமிடமும் 72 மணி நேரமும்

உளவியலில் உற்றுநோக்கல் முறைக்கு மேரி எய்ன்ஸ்வொர்த்தின் 'அறிமுகமற்ற சூழல்' ஆய்வைச் சான்று காட்டுவோர் பலர். தாய் அறையைவிட்டு நீங்குவதும் மீள்வதுமாக அமைந்த, ஏறத்தாழ 20 நிமிட ஆய்வுக்கூட நிகழ்வு அது. ஆயின் அதன் பொருள் அவ்வறைக்குள் பிறந்ததன்று. 1954-55இல் உகாண்டாவில் 26 குடும்பங்களின் இல்லங்களுக்குப் பலமுறை சென்று அவர் குறிப்பெடுத்தார். பின்னர்ப் பால்டிமோரில் ஒவ்வொரு குழந்தையையும் முதலாண்டில் ஏறத்தாழ 72 மணி நேரம் வீட்டிலேயே நோக்கச் செய்தார். திரும்பிவந்த தாயை ஏறிட்டும் பாராத குழந்தையைத் துணிவுடையது என்றே பிறர் கருதக்கூடும். வீட்டில் அதன் தாய் அணைப்பை மறுத்துவந்ததை அக்குறிப்புகளே புலப்படுத்தின.

இன்று அந்த 20 நிமிடம் மட்டுமே நாடுவிட்டு நாடு செல்கிறது. ஜப்பானில் சப்போரோ நகரில் இது நிகழ்த்தப்பட்டபோது குழந்தைகள் பலர் கடுமையாகக் கலங்கினர். தாயைப் பிரிந்தே பழகாத குழந்தைகளுக்கு அவ்வறை தந்த அச்சம், பற்றின் குறைபாடாக எண்ணப்பட்டது. தகாஹாஷி இதனை உரியவாறு மறுத்தார். காலமும் செலவும் மிகும் என்பது வழக்கமான சமாதானம். எய்ன்ஸ்வொர்த்துக்கும் அவை மிகவே செய்தன. வேறொரு பண்பாட்டில் இக்கருவியைக் கையாளும் ஆய்வேடு, வீட்டில் நோக்கிய மணிநேரத்தையும் குறித்தாக வேண்டும். அது சுழி எனின் சுழி என்றே.