முதலில் மீற்றர், பிறகு பெற்றரி

மருதானையின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் அரை நூற்றாண்டு பழைய காருக்கும் ஏதாவதொரு பாகம் அகப்பட்டுவிடும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் வீதியில் நின்றுபிடித்தனவென்றால், அதில் இந்தக் கடைகளுக்கும் பழுதுபார்க்கும் பாஸ்மாருக்கும் பெரிய பங்குண்டு. ஆனால் பாகம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது ஒரு கெட்ட பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா, பெற்றரியை மாற்று. மூன்று மாதத்தில் அதுவும் இறங்கிவிட்டதா, டைனமோவை மாற்று. அளந்து பாராமல் பாகம் மாற்றுவதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்று நாம் காசு கொடுக்கக்கூடாது.

பெற்றரி தானே கெட்டிருக்கலாம், சார்ஜ் போதாமல் இருக்கலாம், நிறுத்திவைத்த நேரத்தில் மின் எங்கோ ஒழுகலாம். மூன்றுக்கும் காலையில் கேட்பது ஸ்டார்ட்டரின் அதே 'டக்' சத்தம்தான். பிரித்துச் சொல்வது மீற்றர். இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல 12 வோல்ட் பெற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் பாதி போய்விட்டது. இயந்திரத்தைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் 14 வோல்ட்டை ஒட்டி ஏறவேண்டும். ஒழுக்கைப் பிடிக்க, எல்லாவற்றையும் அணைத்து, பெற்றரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் அம்பியர் மீற்றரைக் கோர்க்கவேண்டும். எலக்ட்ரோனிக்ஸ் எதுவுமில்லாத பழைய காரில் அது பூச்சியத்தை ஒட்டியே நிற்கவேண்டும். அணையாமல் கிடக்கும் ஒரு 5 வாட் பல்ப் 0.4 அம்பியர் இழுக்கும். 40 அம்பியர்-மணி பெற்றரியை நாலு நாளில் காலி செய்ய அது போதும். பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் முறை மைனரில் பாதி வழிதான் உதவும். அதில் இருப்பதே இரண்டு பியூஸ், லூக்காஸ் கொன்ட்ரோல் பொக்ஸிலுள்ள, டைனமோவைப் பெற்றரியோடு சேர்த்தும் துண்டித்தும் விடும் கட்-அவுட் அவற்றுக்கு முன்னாலேயே இருக்கிறது. கட்-அவுட்டின் பொயின்ற் ஒட்டிக்கொண்டால் பெற்றரியின் மின் டைனமோவுக்குள் திரும்பி ஓடும். மணிக்கணக்காக நிறுத்திய காரின் டைனமோ கைக்குச் சூடாகத் தெரிந்தால் குற்றவாளி அதுதான். கொன்ட்ரோல் பொக்ஸின் 'டி' முனை வயரைக் கழற்றினால் மீற்றர் இறங்கிவிடும்.

முப்பது வருட அனுபவமுள்ள பாஸுக்கு மீற்றர் எதற்கு என்பார்கள். அந்த அனுபவம் மீற்றரை எங்கே வைப்பது என்று சொல்லும். எத்தனை அம்பியர் ஒழுகுகிறது என்று காது சொல்லாது. ஓடும் இயந்திரத்தில் பெற்றரி வயரைக் கழற்றி, இயந்திரம் நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கமும் அனுபவத்தின் பெயரால்தான் நடக்கிறது. அல்டனேற்றர் பூட்டிய காரில் அது டயோட்டை எரித்துவிடக்கூடும்.

டைனமோவையே தூக்கிவிட்டு அல்டனேற்றர் போட்டால் தொல்லை விட்டதே என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது டைனமோ அநேகமாக ஒன்றும் தராது. மருதானையிலிருந்து பொரளைக்கு மாலை மழையில் ஊர்ந்துபோகும் காரில் 45 வாட் ஹெட்லைட் இரண்டும் மட்டுமே ஏழரை அம்பியர் கேட்கும், வைப்பர் வேறு. அத்தனையும் பெற்றரியிலிருந்துதான் போகிறது. தினமும் அப்படி ஓட்டுபவர் மாற்றிக்கொள்வதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலப் பிரித்தானியக் கார்கள் பெரும்பாலும் பொசிற்றிவ் எர்த், அதாவது பெற்றரியின் பொசிற்றிவ் முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். துருவத்தை மாற்றாமல் சாதாரண அல்டனேற்றரைப் பூட்ட முடியாது. கெட்ட எர்த் பட்டியை அல்டனேற்றர் குணமாக்கப்போவதுமில்லை. வெள்ளவத்தையில் கடற்காற்று படும்படி நிற்கும் காரில் முதலில் சந்தேகிக்கவேண்டியது அதைத்தான். ஸ்டார்ட்டர் சுழலும்போது பெற்றரியின் எர்த் முனைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டியைக் கழற்றிச் சுரண்டுங்கள். சில்லறைச் செலவுதான்.

சோதனைக்கு அரைநாள் கூலி, பெற்றரி மாற்றப் பத்து நிமிடம் என்பது அடுத்த கணக்கு. சில வேளை பெற்றரிதான் உண்மையில் செத்திருக்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நடந்ததுபோல் மாதக்கணக்காகக் கார் நின்றால், சார்ஜ் இறங்கிய ஈயத் தகடுகளில் சல்பேற் இறுகிவிடும். மறுபடி ஏற்றினாலும் பழைய வலு வராது. ஆனால் ஒழுக்கை விட்டுவைத்துப் பூட்டிய புதுப் பெற்றரிக்கும் அதே கதிதான். பெற்றரிக்குக் கட்-ஓப் சுவிட்ச் போட்டுவிடலாம் என்பார்கள். நீண்டநாள் நிறுத்தும் காருக்கு அது நல்லதே. எங்கோ உரசிக்கொண்டிருக்கும் வயரை மட்டும் அது சீராக்காது. பியூஸ் இல்லாத சுற்றில் அப்படி உரசும் வயர், சுவிட்சைப் போட்டு ஓட்டும்போது தீப்பிடிக்கவும் கூடும்.

அடுத்த முறை கராஜில் காசு கொடுக்குமுன் மூன்று எண்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஓய்வில் எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட், அணைத்த பின் எத்தனை அம்பியர். எழுதித் தர மறுத்தால் வேறு கராஜைப் பாருங்கள்.