எது இழுக்கு?

மாரடோனா என்றதும் முதலாளித்துவ ஏடுகளுக்கு நினைவுக்கு வருவன இரண்டு: 1986இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் அடித்த கோல், 1991இல் கொக்கெய்னுக்காக விதிக்கப்பட்ட 15 மாதத் தடை. இரண்டும் தவறுகளே, மறைக்க வேண்டியதில்லை. 2008இல் கொல்கத்தா வந்தவர் தோழர் ஜோதிபாசுவைச் சந்தித்ததோ அவ்வேடுகளுக்குச் சுவையான செய்தியன்று.

அல்வால் வழியே செல்லும் ரயில் பாதையில் அம்முகூடா என்றொரு சிறு நிலையம் உண்டு. அவ்வூரின் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற அணியில் ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தார், காலால்தான். 1962 ஜகார்த்தாவில் தங்கம். மறு ஆண்டே நுரையீரல் நோய் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கியது.

உடன் ஆடிய பி.கே. பானர்ஜிக்கும் சுனி கோஸ்வாமிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்குக் கிடைக்கவில்லை. ஹூக்ளிக் கரையின் உத்தரபாராவில் வாழ்ந்த அவர் 2023 பிப்ரவரி 16 அன்று மறைந்தார். கிசுகிசுவுக்கு இடமளிக்காத மனிதரிடம் ஏடுகளுக்கு என்ன வேலை? மறைவுக்குப் பின்னும் பத்ம விருதுகள் வழங்கப்பட்டதுண்டு. ஒன்றிய அரசு ஏன் தயங்குகிறது?