அண்ணன் பார்த்துக்குவான்

"அவனுக்கு எதுக்குச் சொத்து? அண்ணன் பார்த்துக்குவான்."

மம்சாபுரத்துத் தென்னந்தோப்பானாலும் ராஜபாளையத்து மாடி வீடானாலும், ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் இதைச் சொல்லித்தான் மூத்தவன் பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதுகிறார்கள். பத்திரத்தில் தம்பியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பதிந்த கணமே தோப்பு அண்ணனுடையது. அவன் கடன்பட்டால் ஜப்திக்குப் போவது அந்தத் தோப்பு. அவன் செத்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் போகும். அவர்கள் இருக்கத் தம்பிக்குச் சல்லிக்காசு இல்லை. இத்தனையும் அண்ணன் நல்லவனாக இருந்தால்! 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, குறைபாட்டைக் காட்டி யாருடைய பங்கையும் மறுக்கக் கூடாது என்கிறது. சட்டம் கொடுத்ததைத் தகப்பனே பத்திரம் போட்டுப் பறிக்கிறார்.

சரி, சொத்தை நேரே தம்பி பேரிலேயே எழுதலாமே என்றால், அதுவும் ஆபத்து. யாராவது கைநாட்டு வாங்கிக்கொண்டு போனால், அது செல்லாதென்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு யார் நடப்பது?

இதற்கு ஒரு வழி டிரஸ்ட். ஆனால் டிரஸ்ட் என்றதும் கோயில், காலேஜ், கோடீஸ்வரன் என்று ஒதுங்குகிறோம். 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் குடும்பத்துக்குள் வைக்கும் தனி டிரஸ்டுக்கானதுதான். நிலம், வீடு என்றால் பத்திரம் பதிவாக வேண்டும். தோப்பு வருமானம் சாப்பாடு, மருந்து, பராமரிப்புக்கு எப்படிப் போக வேண்டும், ஒரு டிரஸ்டி போனால் அடுத்து யார் என்பதையெல்லாம் தகப்பன் தன் கையாலேயே எழுதி வைக்கலாம். டிரஸ்டி அதில் சொந்த லாபம் பார்க்க முடியாது. அவருடைய சொந்தக் கடன்காரரும் அதைத் தொட முடியாது.

பிள்ளைக்காகப் பொறுப்பேற்கும் கார்டியன் வேறு, டிரஸ்ட் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றவர்கூடத் தானாகக் கார்டியன் ஆகிவிட மாட்டார். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் மனுப் போட வேண்டும். ராஜபாளையம் பக்கத்து நமக்கு அது விருதுநகர் மாவட்டக் குழு. கார்டியன் ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும்.

"கூடப்பிறந்தவனிடமே கணக்குக் கேட்பதா?" என்று கோபப்படுகிறார்கள். அண்ணனையும் ஒரு டிரஸ்டியாகப் போடுங்கள். தம்பி காலத்துக்குப் பின் மிச்சம் அண்ணன் பிள்ளைகளுக்கு என்றும் எழுதுங்கள். ஆனால் தம்பிக்குச் செலவழிக்காமல் மிச்சம்பிடித்தால் லாபம் அண்ணன் வீட்டுக்கு. அதனால் வீட்டுக்கு வெளியே ஒருவரும் டிரஸ்டியாக இருக்கட்டும். இதற்கு அண்ணன் முகம் சுளிக்கிறானா என்பதைத் தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டியது, பேனா தன் கையில் இருக்கும்போதே.