நதிமூலம் தேடுவோம்

"நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது" என்பது பெரியோர் வாக்கு. தேடிப் போனால் மனம் நோகும் செய்தி ஏதேனும் கிடைத்துவிடுமோ என்ற அச்சம் அதில் இருக்கிறது. ஆயினும், தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு மாணவியும் கேட்டறிந்து எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதிலும், எங்களைப் போன்ற தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இதனை நாளைக்கென்று தள்ளிப் போடவே கூடாது.

சென்ற ஆண்டு ஒரு சான்றிதழுக்காக அம்மாவுடன் ஓர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். "பூர்வீகம் எது?" என்று கேட்டார்கள். "கோத்தகிரி" என்றார் அம்மா. "அதற்கு முன்பு?" "சிலோன்." "அதற்கும் முன்பு?" அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. படுகத் தோழியர் தங்கள் ஹட்டியின் பெயரைச் சொன்னாலே அவர்கள் யார் வீட்டுப் பிள்ளை என்பது பெரியவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்களுக்கோ, பாட்டிக்கு அப்பால் எல்லாம் இருளாக இருந்தது.

அன்றிரவு பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அதில் ஒரு பழைய பாஸ்போர்ட்டும், கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் அளித்த குடும்ப அட்டையும் இருந்தன. பாட்டியின் அப்பா பெயர், வயது, உடன் வந்தவர்கள் யார் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. பாட்டி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர்; பதினைந்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பின் இம்மலைக்கு வந்தவர்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பஞ்சத்திற்கும் கடனுக்கும் அஞ்சி, கங்காணிகளின் பின்னே "கண்டிச் சீமைக்கு"ச் சென்றவர்கள் பல்லாயிரம் பேர். ஆரம்ப நாள்களில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர் பலர். 1869-இல் இலைநோய் பரவிக் காப்பி அழிந்தது. அதன் பின் தேயிலை வந்தது. 1939-இல் இந்திய அரசு தொழிலாளர்கள் அங்கு செல்வதைத் தடை செய்தது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் டான்டீ ஆனது அதுதான்.

அங்கே "இந்தியாக்காரர்", இங்கே "சிலோன்காரர்". இரண்டு ஊரிலும் நாங்கள் அயலார்! அப்படியானால் எது எங்கள் ஊர்?

விடை பெட்டியில் இல்லை. பாட்டியின் வாயில் இருந்தது. பேச்சோடு பேச்சாக, "எங்க அப்பாவைப் பெத்தவளைத் துறையூர்க்காரின்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். நாங்கள் திடுக்கிட்டோம். திருச்சி மாவட்டத்துத் துறையூர்! எந்தத் தாளிலும் இல்லாத எங்கள் பூர்வீகம், லயத்துப் பெண்கள் வைத்த ஒரு பட்டப்பெயரில் இத்தனை காலம் பத்திரமாக இருந்திருக்கிறது. "அவங்க பேர் என்ன பாட்டி?" என்று கேட்டேன். பாட்டி வெகுநேரம் யோசித்தார். பிறகு, "தெரியலையேம்மா" என்றார்.

அக்காலத்தில் கடல் கடந்து போன தொழிலாளிக்குத் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர டிக்கெட் கொடுப்பார்கள். சர்க்கார் அவரை எண்ணால் அறிந்தது. பக்கத்து வீட்டார் ஊரால் அறிந்தார்கள். அவர் பெயரை அறிந்தவர் இன்று ஒருவரும் இல்லை. இன்னும் இருபது ஆண்டுகளுக்கு முன் யாரேனும் கேட்டிருந்தால் அந்தப் பெயர் கிடைத்திருக்கும் அல்லவா?

வம்சம் பேசுவது சாதிப் பெருமைக்கே வழிகாட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த ஆபத்து உண்டு. உயர்வு தேடுவோருக்கு முன்னோர் ஒரு மகுடம். ஆனால் கொழுந்துக் கூடை சுமந்தவர்களை முன்னோராகக் கொண்ட நமக்கு மகுடம் தேவையில்லை, உண்மை போதும். மத்தேயு நற்செய்தி ஒரு தலைமுறை அட்டவணையோடுதான் தொடங்குகிறது. அதில் அரசர்களோடு தாமார், இராகாபு, ரூத்து ஆகியோரும் இடம் பெறுகிறார்கள். ஆனால் நான்காமவள் பெயரின்றி "உரியாவின் மனைவி" என்றே குறிக்கப்படுகிறாள். அங்கும் ஒரு துறையூர்க்காரி!

நினைவை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976-இல் வெளியிட்ட "ரூட்ஸ்" என்னும் நூல், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை வேர் தேட வைத்தது. எனினும் அதில் கூறப்பட்ட சில செய்திகள் ஆவணங்களோடு பொருந்தவில்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே வாய்மொழியையும் தாளையும் ஒப்பிட வேண்டும். பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல், வீட்டிலுள்ள குடும்ப அட்டை ஆகிய அனைத்தும் நமக்குத் துணை.

தோழியரே, வரும் விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து பெயர், ஊர், பிறந்த இடம், செய்த வேலை எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். தந்தை வழியை எழுதும்போது தாய் வழியையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் தவறாமல் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது "அந்தக் கஷ்டமெல்லாம் உனக்கு எதற்கு?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அந்தக் கஷ்டத்தின் மேல்தான் நாங்கள் நின்று படிக்கிறோம்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் "துறையூர்க்காரி" என்று எழுதி, அதன் எதிரே பெயருக்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறேன். அது நிரம்பாமலே போகலாம். அடுத்த பக்கங்களில் அப்படி ஒரு வெற்றிடம் விழாமல் பார்த்துக்கொள்வது என் கடமை.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி