தண்ணி குடிச்சிட்டு எங்க போற?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டு விஷயத்தை முகநூலில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. மனைவியிடம் கேட்டு, அவர் வாசித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் போடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் சுபஹுக்கு எழும்பும்போது அவரைக் கட்டிலில் காணவில்லை. குசினித் தரையில் சுருண்டு கிடந்தார். வலது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரைக்கும் இறங்கும் வலி. இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. மூன்று பிள்ளைகளைப் பெற்றவர், இது அதைவிட மோசம் என்றார். நான் என்ன செய்தேன்? முந்தின நாள் கலியாண வீட்டில் சாப்பிட்ட புரியாணியை நினைத்து, "கேஸ்ட்ரிக்" என்று நானே தீர்ப்புச் சொன்னேன். மாத்திரை ஒன்றும் இஞ்சிப் பிளேன்டீயும் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டேன். பகலில் வலி விட்டது. மறுநாள் திரும்ப வந்தது. அடுத்த இரவு குளிர்காய்ச்சலில் உடம்பு நடுங்கிய பிறகுதான் த்ரீவீல் பிடித்தேன்.

ஸ்கேனில் பார்த்தால் சிறுநீர்க்குழாயில் 8 மில்லிமீற்றர் கல். அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. 5 மில்லிமீற்றருக்குச் சின்னக் கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும், இது வராது என்றார் டொக்டர். பிறகு அவர் சொன்னதை இங்கே எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கல் வலி தனியாக வந்தால் ஒரு கதை, வலியோடு காய்ச்சலும் வந்தால் வேறு கதை. அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்து இரத்தத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீரே வராமல் நின்றாலும், கர்ப்பிணிக்கு இந்த வலி வந்தாலும் அப்படித்தான். இரண்டு நாள் தாமதித்தது நான். அல்லாஹ் காப்பாற்றினான்.

முதலில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தார்கள். சில கிழமைகள் கழித்து லேசரால் கல்லை உடைத்தார்கள். ஸ்டென்ட் வைத்த யாராவது இதை வாசித்தால், அதை எடுக்க வேண்டிய திகதியைக் கலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். வலி போனதும் அது மறந்து போகும். மறந்துபோன ஸ்டென்டின் மேலேயே புதிதாகக் கல் படிந்து, பிறகு அதை எடுக்கவே பெரிய ஒப்பரேஷன் தேவைப்படும்.

வீட்டுக்கு வந்ததும் நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். வாழைத்தண்டு, பொல்பலா, நீர்முள்ளி. ஒருவர் குரலைத் தாழ்த்தி பீர் என்றார்! பீர் சிறுநீரைக் கூட்டும் என்பதுதான் அதன் கதை. தண்ணீரும் அதையே செய்யும், ஹலாலாகவும் செய்யும். பொல்பலாவை இளஞ்சூட்டில் குடிப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, அதுவும் உள்ளே போகிற தண்ணீர்தானே. ஆனால் கல்லைக் கரைக்கும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒக்சலேட் கற்கள். அவற்றைக் கரைக்கும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. யூரிக் அமிலக் கல் மட்டும் மருந்துக்குக் கரையும். இன்னொரு ராத்தா காமரங்கா ஜூஸ் அடித்துக் குடிக்கச் சொன்னார். காமரங்காவிலும் அச்சாறு போடும் பிளிங்காயிலும் ஒக்சலேட் மிக அதிகம். அவற்றின் சாற்றை மருந்து என்று குடித்துச் சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களைப் பற்றி இலங்கையிலும் கேரளாவிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஊரில் "டீச்சருக்குக் கிட்னி பழுதாம்" என்று கதை பரவியது. எங்கள் மாவட்டத்தில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் தெரியவந்த அந்தக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இங்கே வில்கமுவப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு. அந்த நோய் சத்தமில்லாமல், வலியில்லாமல் வந்து, முற்றிய பிறகுதான் தெரியும். கல் ஊரைக் கூட்டும். இரண்டையும் ஒன்றாக்கி, கல் வந்த வீட்டுப் பிள்ளைகளின் கலியாணப் பேச்சுவரைக்கும் கொண்டுபோவது அநியாயம்.

டொக்டர் கடைசியாக ஒரு வசனம் சொன்னார்: "கல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஐந்து பத்து வருடத்துக்குள் திரும்ப வரும். தண்ணி நல்லா குடிங்க." இத்தாலியில் முதல் கல் வந்த 199 பேரை 5 வருடம் கவனித்திருக்கிறார்கள். நாளைக்கு 2 லீற்றருக்குக் குறையாமல் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்குத்தான் கல் திரும்ப வந்தது. அப்படிச் சொல்லாமல் விட்ட 100 பேரில் 27 பேருக்கு வந்தது. 1996இல் வெளியான ஆய்வு. மாத்திரை ஒன்று இவ்வளவு வேலை செய்திருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும்.

நானும் வாத்தியார் புத்தியில் இறங்கினேன். மேசையில் போத்தல், சுவரில் அட்டவணை, இரவில் வந்து "இன்றைக்கு எத்தனை கிளாஸ்?" என்று கேள்வி. புள்ளி போடுகிற மாதிரி. மூன்றாவது கிழமை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணி குடிங்க குடிங்கண்டு எல்லாரும் செல்றீங்க. குடிச்சிட்டு எங்க போற?"

அவரும் ஆசிரியை. மாத்தளையிலிருந்து பல்லேபொல வழியாகக் கலேவெலப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போய் வந்தார். காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கினால் திரும்பி வர மூன்றரையாகும். பஸ்ஸில் வழியில்லை. பாடசாலையில் ஆசிரியைகள் இருபதுக்கு மேல், டொய்லட் ஒன்று. அதன் கொண்டி உடைந்திருக்கும். இன்னொரு டீச்சரை வாசலில் காவலுக்கு நிறுத்த வேண்டும். வரட்சிக் காலத்தில் தண்ணீரும் இல்லை. அதனால் காலையில் ஒரு பிளேன்டீயோடு ஒன்பதே முக்கால் மணித்தியாலம். பதினொரு வருடம் அப்படி. இது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தேன், தெரியாது.

பிறகு தேடிப் பார்த்தேன். 1997இல் அமெரிக்காவில் ஆசிரியைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளியாகியிருக்கிறது. ஏறத்தாழப் பாதிப் பேர், டொய்லட் போக வேண்டி வருமே என்று வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிக் குறைத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று இரண்டு மடங்குக்கு மேல். அங்கேயே இப்படி என்றால் கலேவெலையை யோசியுங்கள்.

அடுத்த நாள் என் மகளின் தண்ணிப் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் நிரப்பியது நிரப்பியபடியே வந்திருந்தது. "ஏன் மகள்?" என்றதற்குப் பதிலில்லை, உம்மாவைப் பார்த்தாள். நான் படிப்பிக்கும் பாடசாலையில் ஒரு ஆசிரியை மூலமாகத் தரம் 9, 10 பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். கதவு சாத்துப்படாது, வாளி இல்லை, மாதவிடாய் நாட்களில் குப்பை போட இடமில்லை. ஆகவே குடிப்பதில்லை. கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன். பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். அதோடு, பாட நேரத்தில் கை தூக்கிய பிள்ளைகளிடம் "இப்பதானே இன்டர்வெல் முடிஞ்ச, உட்காருங்க" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசினேன். அந்த வருடம் வாசல் வளைவுக்குக் காசு ஒதுக்கியாகிவிட்டது என்றார்கள். வளைவு அழகாகத்தான் இருக்கிறது. நாலு கொண்டி, ஆறு வாளி, மூடியுள்ள குப்பை வாளி, ஒரு தண்ணீர்த் தாங்கி. இதைப் பழைய மாணவர் இரண்டு பேர் வாங்கித் தந்தார்கள். போத்தல்கள் காலியாக வரத் தொடங்கின. பெயர் போட வேண்டாம் என்றார்கள், அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பான்.

இந்த வருடத் தொடக்கத்தில் மனைவிக்கு இரண்டாவது கல். இது 4 மில்லிமீற்றர், இடது பக்கம், மாத்திரையோடு தானாக வெளியேறியது. இந்த முறை அட்டவணை போடவில்லை. என் நாக்கைத் திருத்தினேன். உப்பு கூடினால் சிறுநீரில் கல்சியம் கூடும், கல்லுக்கு அதுதான் மண்ணும் சீமெந்தும். நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. எங்கள் வீட்டில் கருவாடு, மாசிச் சம்பல், அச்சாறு, சூப் கட்டி எல்லாம் சேர்த்தால் காலைச் சாப்பாட்டிலேயே பாதி போய்விடும். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளி வைக்கும் ஆள் நான். எனக்காகப் போட்ட உப்பை அவரும் சாப்பிட்டார். நோயாளிக்குத் தனிச்சட்டி வைப்பது நடக்காத காரியம், வீடே மாற வேண்டும். இறைச்சியையும் குறைத்தோம், விடுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கிழமையில் என்னைக் கேட்காதீர்கள்.

மாமி பாலையும் தயிரையும் நிற்பாட்டியிருந்தார், "கல்சியக் கல்லாச்சே" என்று. இது ஊரெல்லாம் உள்ள தவறு. சாப்பாட்டோடு போகும் கல்சியம் குடலிலேயே ஒக்சலேட்டைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. அதே இத்தாலிக் குழு 2002இல் காட்டியது இதுதான்: கல்சியத்தைக் குறைத்த 60 ஆண்களில் 23 பேருக்குக் கல் திரும்பியது, கல்சியத்தை வழமைபோல் சாப்பிட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். கல்சிய மாத்திரை வேறு விஷயம், அதை டொக்டரிடம் கேளுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது, சீனியும் உப்பும் அள்ளிப் போடாவிட்டால்.

கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து உறவினர்கள் கிவுல் தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள். கேத்தலில் வெள்ளைப் படை படியும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தண்ணீரின் கெட்டித்தன்மையால் கல் வருகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. போதாமல் குடித்தால் கல் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. வடிகட்டிய தண்ணீரைக் காசுக்கு வாங்குவதால் அளந்து அளந்து குடிக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். அது நல்லதல்ல.

நோன்பு பற்றி ஒரு வார்த்தை. ஸ்டென்ட் இருந்த காலத்தில் டொக்டர் நோன்பு வேண்டாம் என்றார், மனைவி அழுதார். நோயாளிக்குச் சலுகை தந்தது அல்லாஹ், டொக்டர் அல்ல என்று எங்கள் மௌலவி சொல்லித்தான் சமாதானமானார். கழாச் செய்தார். இப்போது நோன்பு பிடிக்கிறார். இப்தார் தொடங்கி சஹர் வரைக்கும் பிரித்துப் பிரித்துக் குடிக்கிறார், ஒரே மூச்சில் அல்ல.

இனி நான் கேட்க வந்த விஷயம். கண்டியில் கிளினிக், தம்புள்ளையில் சந்தை, கலியாணம், மையித்து என்று எங்கள் பெண்கள் ஏ9 வீதியில் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். வான் பள்ளிவாசலில் நிற்கும். ஆண்கள் இறங்கி, போய், ஒளுச் செய்து, தொழுது, முகம் கழுவி வருவோம். பெண்கள் வானுக்குள் இருப்பார்கள். பெண்கள் பகுதி இருக்கும் பள்ளியிலும் பல நேரம் பூட்டுத்தான் தொங்கும். ஒரு நிர்வாகியிடம் இதைப் பேசினேன். துப்புரவு யார் பார்ப்பது, வெளியார் வருவார்கள், கண்டபடி நடமாட்டம் வரும் என்றார். நியாயமான கவலைகள்தான், நான் தள்ளிவிடவில்லை. வெளிப்பக்கமாக வாசல் வைக்கலாம். துப்புரவுக்கு ஆளொருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம், ஜும்ஆ வசூலில் ஒரு பங்கு அதற்குப் போதும். மினாராவுக்கு வசூலிக்க முடிந்த எங்களுக்கு இது பாரமில்லை. ஏற்கனவே செய்திருக்கும் பள்ளிகளும் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். அவை எவை என்று வானில் போகிறவர்களுக்குத்தான் தெரியாது.

ஆகவே ஒரு வேலை செய்வோம். அக்குறணையிலிருந்து மாத்தளை, நாலந்தை, நாவுல, தம்புள்ளை வரைக்கும், அதோடு கலேவெல, உக்குவெல, ரத்தோட்டைப் பக்கமும், பெண்களுக்கு டொய்லட் திறந்திருக்கும் பள்ளிவாசல் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். ஊர், திறந்திருக்கும் நேரம், தண்ணீர் இருக்கிறதா, உள்ளே கொண்டி இருக்கிறதா. தயவுசெய்து சகோதரிகளிடம் கேட்டு எழுதுங்கள், ஆண்களின் ஊகம் வேண்டாம். பூட்டியிருக்கும் பள்ளியின் பெயரை இங்கே போட வேண்டாம், அந்த நிர்வாகத்திடம் நேரில் போய்ப் பேசுவோம். பட்டியலைச் சேர்த்து வான், பஸ் ஓடும் தம்பிமாருக்குக் கொடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் மஹல்லாவில் பெண்கள் பகுதிச் சாவி முஅத்தினின் அறையில் தொங்குகிறது. லுஹருக்குத் திறந்து இஷாவுக்குப் பிறகு பூட்டுகிறார்கள். தண்ணீர் இருக்கிறது. கொண்டி போன கிழமைதான் போட்டோம்.