சைகை வந்தால் போதுமா, பாடம் வர வேண்டாமா?

செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம். 2018 முதல் கொண்டாடி வருகிறோம். அன்று சிறப்பு விருந்தினர்கள் மேடையில் இரண்டொரு சைகைகளைக் கற்றுக்கொண்டு செய்து காட்டுவார்கள். மறுநாள் நாளிதழ்களில் படம் வரும். காதுகேளாத பிள்ளைக்கு வகுப்பறையில் யார், எந்த மொழியில், எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அடுத்த செப்டம்பர் வரை கிடப்பில் கிடக்கும். யாராவது விடாமல் கேட்டால் இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது: சைகை மொழிபெயர்ப்பாளரை நியமித்துவிடலாம். நியமிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நியமன ஆணையோடு கோப்பை மூடிவிட அரசுகளை அனுமதிக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். உயிரியல் ஆசிரியர் கரும்பலகையில் இதயத்தை வரைகிறார். வரைந்துகொண்டே, முதுகைக் காட்டியபடி, “ரத்தம் இங்கிருந்து இப்படி வந்து இந்த அறைக்குள் போகிறது” என்கிறார். கேட்கும் பிள்ளைக்குக் காதில் பேச்சு, கண்ணில் படம். காதுகேளாத பிள்ளைக்கு இரண்டுக்குமே கண்தான். படத்தைப் பார்த்தால் சைகை போயிற்று. சைகையைப் பார்த்தால் படம் போயிற்று. ஒரு கருத்தை முழுதாகக் கேட்டு வாங்கினால்தான் மொழிபெயர்ப்பாளரால் அதைச் சைகையில் சொல்ல முடியும் என்பதால் அவர் எப்போதும் சில விநாடிகள் பின்னால்தான் இருப்பார். அவர் கையில் “இங்கிருந்து” வரும்போது ஆசிரியரின் சாக்பீஸ் அடுத்த அறைக்குப் போயிருக்கும். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். கேள்வி சைகையாகி முடிவதற்குள் முன்வரிசை பதிலைக் கத்திவிடுகிறது. பதில் தெரிந்திருந்தும் ஒருமுறைகூட முதலில் கை தூக்க முடியாத பிள்ளையை ஆண்டிறுதியில் நாம் ‘மந்தம்’ என்று எழுதிவிடுகிறோம். சொல்லச் சொல்ல நோட்டில் எழுதும் பாடவேளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். குனிந்து எழுதினால் சைகையே தெரியாது.

இது ஊகம் அல்ல. பல ஆண்டுகளாக ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் மார்க் மார்ஷார்க்கும் அவருடைய குழுவினரும் காதுகேளாத கல்லூரி மாணவர்களைக் கேட்கும் மாணவர்களோடு ஒரே விரிவுரையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தும் காதுகேளாதவர்களின் மதிப்பெண் குறைவாகவே வந்தது. 2008-இல் வெளியான அடுத்த கட்ட ஆய்வுதான் நமக்கு முக்கியம். ஆசிரியரே சைகையில் நடத்தினாலும் மொழிபெயர்ப்பாளர் வழியாக நடத்தினாலும் பலனில் வேறுபாடு தென்படவில்லை. அதைவிட வியப்பு, பாடத்துக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வுகளை ஒப்பிட்டபோது, குறைந்த முன்னறிவோடு வந்த காதுகேளாத மாணவர்கள் புதிதாகக் கற்றுக்கொண்ட அளவு பொதுவாகக் கேட்பவர்களுக்கு இணையாக இருந்தது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பாடம் நடத்தியவர்கள் காதுகேளாதோருக்குக் கற்பித்துப் பழகியவர்கள் என்பது. சைகை யார் கையிலிருந்து வருகிறது என்பதைவிட, எதிரே இருப்பவர் எப்படிக் கற்கிறார் என்று தெரிந்தவர் பாடம் நடத்துகிறாரா என்பதே பெரிய கேள்வி என்று இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்களின் தரம் இன்னொரு பக்கம். பிரெண்டா ஷிக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் அமெரிக்கப் பள்ளிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 2,100 மொழிபெயர்ப்பாளர்களின் திறனை மதிப்பிட்டு 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்குப் பாடத்தை முழுமையாகப் பிள்ளையிடம் சேர்க்கும் அளவுக்குத் திறன் இல்லை. தனிப் பல்கலைக்கழகமே காதுகேளாதோருக்கென்று நடத்தும் நாட்டின் நிலை இது. நம் நாட்டில் அப்படியொரு மதிப்பீடு நடந்தால் என்ன வெளிவரும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறோம்.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காதுகேளாதோருக்கு அவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தரப்பட வேண்டும் என்கிறது. சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகள் உட்பட, பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்கிறது. 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியைத் தந்திருக்கிறது. பாடநூல்களைச் சைகைக் காணொளிகளாக்க 2020-இல் என்.சி.இ.ஆர்.டி.யோடு ஒப்பந்தம் போட்டது. 2024 டிசம்பரில் சைகை மொழிக்கென்றே ஒரு கல்வி அலைவரிசையும் வந்துவிட்டது. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் காணொளியிடம் சந்தேகம் கேட்க முடியாது.

தமிழ்வழிப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டெல்லியில் யாரும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. பாடநூலில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று தமிழில் அச்சாகியிருக்கும். அதற்கான சைகை தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் விரல்களால் எழுத்துக் கூட்டுவார். இந்தியச் சைகை மொழியில் பரவலாக வழங்கும் விரல் எழுத்தோ ஆங்கில அகரவரிசை. புத்தகத்தில் ஒரு சொல், விரலில் வேறொரு சொல். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் சென்னை. கலைச்சொல்லாக்கத்தில் பெருமை பேசும் நாம், பள்ளி அறிவியலுக்கான சைகைச் சொற்களைத் தமிழகத்தின் காதுகேளாத பட்டதாரிகளை உட்கார வைத்து ஏன் தொகுக்கக் கூடாது?

2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானதை நாடே பாராட்டியது. அவர் முன்பே மொழியும் சட்டமும் கற்றுத் தேர்ந்தவர். அவருக்கு அந்த ஏற்பாடு போதும். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளையின் கதை வேறு. காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் எவரும் இல்லை. எந்த மொழியும் முழுதாக வாய்க்காமல் ஆறு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் முன் சிறந்த மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினாலும், எதை எதற்கு மொழிபெயர்ப்பது?

இந்த அவலத்துக்குப் பழைய வேர் உண்டு. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை விலக்கிவிட்டுப் பேச்சின் மூலமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அவையில் இருந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்கள். 2010-இல் வான்கூவர் மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின. நம் பள்ளிகள் பலவற்றில் மிலானின் செல்வாக்கு இன்னும் மறையவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்கிறோம். ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் உதடு ஒன்றுபோல்தான் மூடித் திறக்கும். ககரமோ உதட்டில் தெரிவதே இல்லை.

காக்ளியர் இம்ப்ளான்ட் வந்துவிட்ட பிறகு சைகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கும் அந்தச் சிகிச்சை கிடைப்பது தமிழ்நாட்டின் சாதனை. குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் வயது கடந்தபின் கண்டறியப்பட்ட பிள்ளைகள், பேச்சுப் பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள், கருவி பழுதாகி உதிரிபாகம் வாங்க வழியில்லாதவர்கள் என்று வகுப்பறையில் பலர் மிச்சமிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்து 71 ஆயிரம் பேர். சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்தில் மொழியையே தள்ளிப்போடுவது, இரண்டும் இல்லாமல் நிற்கும் அபாயத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாகும்.

எனவே முதல் செலவு அங்கன்வாடியில் தொடங்க வேண்டும். குறைபாடு கண்டறியப்பட்டதும் அந்த வீட்டுக்குச் சைகை மொழி போக வேண்டும். தாய்க்கும் தந்தைக்கும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். கற்பிப்பவர் காதுகேளாதவராக இருப்பதே நல்லது. அவர்களுக்கென்றே சைகை மொழி கற்பிக்கும் பட்டயப் படிப்பு இருக்கிறது. படித்து முடித்தவர்களுக்கு வேலைதான் வேண்டும்.

வகுப்பறையில் செய்ய வேண்டியவற்றில் பலவற்றுக்குப் பணமே தேவையில்லை. வரையும்போது பேசாதிருத்தல், வரைந்தபின் பார்க்க நேரம் விடுதல், கேள்வி கேட்டுச் சில விநாடி காத்திருந்து பிறகு பெயர் சொல்லிப் பதில் கேட்டல், பாடக் குறிப்பை மொழிபெயர்ப்பாளரிடம் முந்தைய நாளே கொடுத்தல். இவற்றால் கேட்கும் பிள்ளைகளும் பயனடைவார்கள். அந்தக் காத்திருப்பு, மெதுவாக யோசிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தேவை. பி.எட். மாணவர்கள் காதுகேளாத பிள்ளை இருக்கும் வகுப்பில் சில வாரங்களாவது பாடம் நடத்திப் பார்க்காமல் பட்டம் பெறக் கூடாது. மொழிபெயர்ப்பாளர்களையும் சிறப்பாசிரியர்களையும் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு அலையவிட்டுவிட்டு ‘உள்ளடக்கிய கல்வி’ என்று அறிக்கை எழுதுவதை நிறுத்த வேண்டும். நிரந்தரப் பணியிடம் தராமல் தரத்தை மட்டும் எப்படிக் கேட்பது?

இத்தனைக்கும் பதிலாக நாம் இதுவரை தந்திருப்பது தேர்வுச் சலுகை: ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு, எழுதக் கூடுதல் நேரம். சலுகை இருக்கட்டும். ஆனால் பத்தாண்டுகள் பள்ளியில் இருந்தும் இரண்டாவது மொழியைக் கற்பிக்க முடியவில்லை என்று கல்வித்துறை தானே எழுதிக் கொடுத்த ஒப்புதல் அது. இனி காதுகேளாதோர் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்கும்போது எழுத்துத் தேர்வோடு முடிக்காமல், ஒரு பாடத்தைச் சைகை மொழியில் பிள்ளைகள் முன் நடத்திக் காட்டச் சொல்ல வேண்டும். மதிப்பெண் போடும் குழுவில் காதுகேளாதவர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். வரும் கல்வியாண்டு நியமனத்திலேயே இதைத் தொடங்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.